கோளம், விகாரம், பேரிக்காய்: அணுக்கருவின் வடிவ வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

2016 ஜூன் மாதத்தில் ஆங்கிலச் செய்தி ஊடகங்கள் சிலவற்றில் ஒரு வினோதமான தலைப்பு வெளியானது. பேரிக்காய் வடிவில் அணுக்கரு இருப்பது உறுதியாகிவிட்டதாம், ஆகவே காலப்பயணம் சாத்தியமில்லையாம். அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தில் பேரியம்-144 என்கிற அணுக்கருவை அளந்தது பற்றிய செய்தி அது. அளவீட்டுக்கும் காலப்பயணத்துக்கும் நேரடியான தொடர்பு எதுவும் கிடையாது. ஆனால் செய்தி அப்படித்தான் உலகம் சுற்றியது.

பத்திரிகைக்காரர்களைக் குறை சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. அதற்குப் பிறகு ஒரு சிறிய இலக்கியக் கூட்டத்தில் மையம், விளிம்பு பற்றிப் பேசும்போது நானும் இதை எடுத்துப்போட்டேன். 'அணுவின் மையமே கோணலாக இருக்கிறது தோழர்களே, சமச்சீர் என்பது அதிகாரத்தின் கற்பிதம்' என்றேன். கைதட்டினார்கள். கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது, ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். "தம்பி, நல்லாப் பேசினீங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அணுவுக்குள்ளேயே ஏற்றத்தாழ்வு இருக்குன்னு சொல்றீங்க. அப்ப இயற்கையிலேயே மேல் கீழ் இருக்கு, மனுசனுக்குள்ள மட்டும் ஏன் இருக்கக் கூடாதுன்னு ஒருத்தன் எந்திரிச்சுக் கேட்டா என்ன சொல்வீங்க?"

என்னிடம் பதில் இல்லை. வர்ணாசிரமத்துக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் காலங்காலமாகச் சொல்லிவரும் வாதம்தானே அது, ஐந்து விரலும் ஒண்ணா இருக்கா என்று. அவர்களுடைய வாதத்துக்கு நானே அணுக்கருவைக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தேன். அதன்பிறகுதான் இந்தப் பேரிக்காயின் வரலாற்றை ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன். இக்கட்டுரை அவருக்குத் தாமதமாகச் சொல்லும் பதில்.

2

1911இல் ரூதர்ஃபோர்டு அணுவுக்குள் ஒரு கரு இருப்பதைச் சொன்னார். அணுவின் குறுக்களவில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு அது. அதற்கு வடிவம் உண்டா என்கிற கேள்வியே அப்போது எழவில்லை. கோளம் என்று வைத்துக்கொண்டால் ஆரம் என்கிற ஒரே எண் போதும், கணக்கு முடிந்தது. கோளத்தை யாரும் பார்த்துச் சொல்லவில்லை. வேறு மாதிரி நினைக்கக் காரணம் இல்லாததால் அது அங்கே உட்கார்ந்துகொண்டது. இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. தெரியாத இடத்தில் ஆக எளிமையான வடிவத்தை வைப்பது அறிவியலின் பழைய வழக்கம், பல நேரம் பலன் தரும் வழக்கமும்கூட.

1920களின் இறுதியில் ஜார்ஜ் காமோவ் அணுக்கருவை ஒரு திரவத் துளியாகக் கற்பனை செய்தார். நீல்ஸ் போர் 1930களில் அதை விரித்தெடுத்தார். தாமரை இலையில் உருளும் தண்ணீர்போல, பரப்பு இழுவிசை துளியை உருண்டையாக்கும். இப்போது கோளம் வெறும் வசதி அல்ல, அதற்கொரு காரணமும் கிடைத்துவிட்டது. அனுமானம் ஒன்று எப்படி இயற்கையாகிவிடுகிறது என்பதற்கு நல்ல உதாரணம் இது.

முதல் கீறல் ஜெர்மனியிலிருந்து வந்தது. 1935இல் ஷூலர், ஷ்மிட் என்கிற இருவர் யூரோப்பியம் தனிமத்தின் நிறமாலைக் கோடுகளை நுணுக்கமாக அளந்தார்கள். கோடுகளுக்கு இடையிலான தூரம் கணக்கோடு ஒத்துப்போகவில்லை. கருவிலுள்ள மின்னூட்டம் உருண்டையாகப் பரவியிருக்கவில்லை என்றால்தான் அந்த விலகல் புரியும். இன்றைக்குப் பார்த்தால் பெரிய செய்தி. அன்றைக்கு அது நிறமாலைக்காரர்களின் துறைக்குள் ஒரு சிறு விலகலாகவே இருந்தது.

கோளம் கலைவது உலகத்துக்குத் தெரிந்தது வேறு வழியில். 1938 கிறிஸ்துமஸ் சமயம், ஸ்வீடனின் குங்ஏல்வ் என்கிற சிற்றூர். யூதப் பிறப்பினால் ஜூலை மாதம் ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்திருந்த லிசே மைட்னருக்கு அப்போது 60 வயது. பெர்லினில் விட்டுவந்த சக ஆய்வாளர் ஓட்டோ ஹானிடமிருந்து கடிதம்: யுரேனியத்தை நியூட்ரானால் அடித்தால் பேரியம் கிடைக்கிறது, எப்படி? மைட்னரும் அவருடைய சகோதரி மகன் ஓட்டோ ஃபிரிஷும் பனியில் நடந்துகொண்டே யோசித்தார்கள். துளி நீள்கிறது, நடுவில் இடுப்பு விழுகிறது, இரண்டாகப் பிரிகிறது. ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்து கையிலிருந்த தாளில் கணக்குப் போட்டார்கள்.

வடிவ மாற்றம் பொது வரலாற்றுக்குள் நுழைந்தது இப்படி, பிளவாக. ஏழு ஆண்டுகளில் ஹிரோஷிமா. 1944ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு ஹானுக்கு மட்டும் அறிவிக்கப்பட்டது. மைட்னரின் பெயர் அதில் இல்லை.

3

இயற்பியலில் இந்த உருவ மாற்றத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் உருத்திரிபு என்றும் உருக்குலைவு என்றும் எழுதுகிறார்கள். நான் விகாரம் என்று சொல்லிப் பார்க்கிறேன். பேச்சு வழக்கில் 'ஆளு விகாரமா இருக்கான்' என்றால் அது வசை. ஆனால் நன்னூலில் அப்படியில்லை. சொற்கள் புணரும்போது மாறாமல் நின்றால் இயல்புப் புணர்ச்சி. ஓரெழுத்து தோன்றினாலோ திரிந்தாலோ கெட்டாலோ விகாரப் புணர்ச்சி. இரண்டுமே விதிக்குள் அடங்கும். விகாரத்தை நீக்கிவிட்டுத் தமிழில் ஒரு பக்கம் எழுத முடியாது. இலக்கணக்காரன் விகாரத்துக்காக வருத்தப்படுவதில்லை, எங்கே ஏன் நிகழ்கிறது என்று சூத்திரம் எழுதுகிறான்.

1950இல் இயற்பியலிலும் அதுதான் நடந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் மரியா கோபெர்ட் மேயரும் ஹான்ஸ் யென்சன் குழுவினரும் அணுக்கருவுக்குள் துகள்கள் கூடு கூடாக அமைந்திருப்பதை விளக்கியிருந்தார்கள். 2, 8, 20, 28, 50, 82, 126 ஆகிய மாய எண்களில் கூடு நிரம்பும், கரு உருண்டையாகவும் உறுதியாகவும் இருக்கும். மற்றவை? கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சார்லஸ் டவுன்ஸ் பேசிய ஒரு கருத்தரங்கைக் கேட்டுக்கொண்டிருந்த ஜேம்ஸ் ரெயின்வாட்டருக்கு ஒரு எண்ணம் தோன்றியது. நிரம்பாத கூட்டில் சுற்றும் துகள்கள் உள்ளிருந்து அழுத்தி மொத்தக் கருவையும் நீள வைக்கலாமே. அதே ஆண்டில் அவரோடு ஒரே அறையில் இருந்தவர் நீல்ஸ் போரின் மகன் ஆகே போர். அவர் கோபன்ஹேகன் திரும்பி பென் மோட்டல்சனோடு சேர்ந்து இதை ஒரு முழுக் கோட்பாடாக்கினார். 1975இல் மூவருக்கும் நோபல்.

இதன்பின் கணக்கு தலைகீழானது. சுத்தமான கோளங்கள் மாய எண்களின் பக்கத்திலுள்ள சிறுபான்மை. பெரும்பாலான கருக்கள் ஏதோ ஒருவகையில் நீண்டோ தட்டையாகவோ இருக்கின்றன. ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த நீள்வடிவம் ரக்பி பந்து மாதிரி. தலை எது கால் எது என்று கிடையாது. புரட்டிப் போட்டாலும் அதே. கோளம் போனது, மேல்கீழ்ச் சமச்சீர் போகவில்லை.

4

அதுவும் போகலாம் என்கிற சந்தேகம் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் எழுந்தது. 1953, 54 ஆண்டுகளில் ஃபிராங்க் அசாரோ, ஃபிராங்க் ஸ்டீஃபன்ஸ், இசடோர் பெர்ல்மன் மூவரும் ரேடியம், தோரியம் கருக்களின் ஆல்ஃபா சிதைவை அளந்தார்கள். அவற்றில் ஒன்று ரேடியம்-224. 1902இல் மாண்ட்ரியலில் ரூதர்ஃபோர்டும் சாடியும் தோரியத்திலிருந்து பிரித்தெடுத்து, என்னவென்று தெரியாமல் தோரியம் எக்ஸ் என்று பெயர் வைத்தார்களே, அதே பொருள்தான். (இந்த அசாரோதான் பின்னாளில், 1980இல், டைனோசர்களை அழித்த விண்கல் பற்றிய ஆய்வில் இரிடியத்தை அளந்தவர்.)

அவர்கள் பேரிக்காயைப் பார்க்கவில்லை. ஓர் ஆற்றல் மட்டத்தைப் பார்த்தார்கள். நீண்ட கரு சுழலும்போது அதன் மட்டங்கள் 0, 2, 4, 6 என்று இரட்டை எண்களில் வரும், கண்ணாடியில் பார்த்தாலும் மாறாத குணத்தோடு. ரேடியம் கருக்களிலோ 1 என்கிற ஒற்றைப்படை மட்டம், கண்ணாடியில் குறி மாறும் குணத்தோடு, எதிர்பாராத அளவுக்குக் கீழே வந்து உட்கார்ந்திருந்தது. தலையும் காலும் வேறுபட்ட ஒரு வடிவம் இருந்தால் இப்படி வரும். அம்மோனியா மூலக்கூறில் இதேபோன்ற ஒன்று ஏற்கெனவே தெரிந்திருந்தது. ஒரு பக்கம் பருத்து மறுபக்கம் ஒடுங்கிய அந்த வடிவத்துக்குப் பேரிக்காய் என்று பெயர் விழுந்தது. நம்மூர்க்காரன் பெயர் வைத்திருந்தால் சுரைக்குடுக்கை என்றிருப்பான்.

கோட்பாட்டாளர்கள் பின்னர் காரணமும் சொன்னார்கள். கருவின் எல்லையில், கோண உந்தத்தில் மூன்று அலகு வேறுபட்ட இரண்டு பாதைகள் பக்கத்தில் பக்கத்தில் அமையும்போது அவை ஒன்றோடொன்று கலக்கின்றன. புரோட்டானோ நியூட்ரானோ 34, 56, 88, 134 என்கிற எண்களை ஒட்டி இருக்கும்போது இது நடக்கும். ரேடியம்-224இல் 88 புரோட்டான், 136 நியூட்ரான். பேரியம்-144இல் 56, 88. மாய எண்கள் கோளத்தின் எண்கள் என்றால், இவை விகாரத்தின் எண்கள்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. மேடையில் நான் மறைத்த (உண்மையில் எனக்குத் தெரியாத) விஷயம் இதுதான். ஆய்வுக்கூடத்தில் நின்று பார்த்தால் பேரிக்காய் கிடையாது. ரேடியம்-224 கருவின் தரைநிலைக்குச் சுழற்சி பூஜ்யம், எந்தத் திசையிலும் அது ஒரே மாதிரி. மேல்நோக்கிய பேரிக்காயும் கீழ்நோக்கிய பேரிக்காயும் சம அளவில் கலந்த நிலை அது. கருவோடு கூடவே சுழலும் ஒரு கற்பனைச் சட்டகத்தில் ஏறி உட்கார்ந்தால்தான் பேரிக்காய் என்று பேசலாம். அப்ப அது பொய்யா? இல்லை. அந்தச் சட்டகத்தை வைத்துச் சொல்கிற கணிப்புகள் அளவீட்டில் நிற்கின்றன. ஆனால் பேரிக்காய் இயற்கையின் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. இரண்டு திசைக்கும் சம உரிமை கொடுத்துத்தான் அது இருக்கிறது. 'மையமே கோணல்' என்கிற என் வாக்கியமும், காலப்பயணத் தலைப்பும் விழுந்துபோகிற இடம் இது.

5

சந்தேகத்துக்கும் அளவீட்டுக்கும் இடையே வெகுகாலம் ஓடியது. அந்த ஒற்றைப்படை மட்டம் கீழே இருப்பதற்கு இன்னொரு விளக்கமும் சாத்தியம். கரு நிலையான பேரிக்காயாக இல்லாமல், ரக்பி பந்தாக இருந்துகொண்டே பேரிக்காய்ப் பக்கம் போய்ப்போய்த் திரும்பி அதிரலாம். நிற்கும் வடிவமா, நடுங்கும் வடிவமா? மட்டங்களின் உயரத்தை மட்டும் வைத்து இதைத் தீர்க்க முடியாது. ஒரு மட்டத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் வலிமையை அளக்க வேண்டும். அதற்கோ இந்தக் கருக்களைக் கற்றையாக்கி ஓடவிட வேண்டும். ரேடியம்-224இன் அரை ஆயுள் 3.6 நாள். ரேடான்-220க்கு 56 விநாடி. கையில் எடுப்பதற்குள் கரைந்துபோகிற சரக்கு.

1600 ஆண்டு அரை ஆயுள் கொண்ட ரேடியம்-226இல் ஓர் அளவீடு 1993இல் வெளிவந்தது. குறுகிய ஆயுள் கொண்டவற்றுக்கு ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்திலுள்ள ஐசோல்டே வேண்டியிருந்தது. அங்கே யுரேனியம் கார்பைடை 140 கோடி எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள புரோட்டான்களால் அடித்தார்கள். தெறித்து வருவதில் ரேடானையும் ரேடியத்தையும் பிரித்து மறுபடி முடுக்கி, நிக்கல், காட்மியம், தகரத் தகடுகளை நோக்கி அனுப்பினார்கள். வேகம் திட்டமிட்டே குறைவாக வைக்கப்பட்டது, கருவும் கருவும் தொட்டுவிடக் கூடாது என்பதற்காக. தொடாமல் கடந்துபோகையில் மின்விசை மட்டும் ஒன்றை ஒன்று உலுக்கும். உலுக்கப்பட்ட கரு காமா கதிர்களை உமிழும். அவற்றை எண்ணி, வடிவத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டார்கள்.

லிவர்பூல் பல்கலைக்கழகத்தின் பீட்டர் பட்லர், லியாம் காஃப்னி குழுவினரின் முடிவு 2013 மே மாதம் வெளியானது. ரேடியம்-224 நிலையான பேரிக்காய். ரேடான்-220 நடுங்கும் வகை. 1954லிருந்து எண்ணினால் 59 ஆண்டு. 2020இல் ரேடியம்-222 நிலையான வகையிலும் ரேடியம்-228 நடுங்கும் வகையிலும் சேர்ந்தன. பேரியம்-144, 2016இல் பேரிக்காய்க்குச் சாதகமான முடிவைத் தந்தது, ஆனால் பிழை எல்லை அகலம். ஆயிரக்கணக்கான கருக்களில் நேரடியாக அளந்து நிலையான பேரிக்காய் என்று உறுதியாகச் சொல்லக்கூடியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. விதி என்று மேடையில் முழங்க இது போதாது.

6

வடிவம் தெரிவதற்கு வெகுகாலம் முன்பே இந்தக் கருக்களை மனித உடல்கள் அறிந்திருந்தன. இயற்பியல் நூல்களில் இந்தப் பகுதி வராது. நம் வரலாற்றில் வந்தாக வேண்டும்.

இரண்டாம் உலகப்போரின் இறுதியிலும் அதன்பிறகும் ஜெர்மனியில் எலும்புக் காசநோய்க்கும் முதுகெலும்பு மூட்டு நோய்க்கும் மருந்து என்று ரேடியம்-224ஐ ஊசியாகப் போட்டார்கள். ஏறத்தாழ 900 பேரை மருத்துவர்கள் பின்னர் பல பத்தாண்டு தொடர்ந்து கவனித்தார்கள். அதில் கணிசமானோர் குழந்தைகள். ஐம்பதுக்கு மேற்பட்டவர்களுக்கு எலும்புப் புற்று வந்தது. அதற்கும் முன்னால், 1910களின் இறுதியிலிருந்து, அமெரிக்காவின் நியூஜெர்சியில் கடிகார முகப்புகளுக்கு ஒளிரும் வண்ணம் தீட்டிய இளம் பெண்கள் தூரிகை முனையை உதட்டில் வைத்துக் கூராக்கினார்கள். அந்த வண்ணத்தில் ரேடியம்-226ம், மீசோதோரியம் என்கிற ரேடியம்-228ம் இருந்தன. சுண்ணாம்புச் சத்து என்று நம்பி எலும்பு அதை வாங்கிச் சேர்த்துக்கொண்டது. தாடை எலும்பு அரித்து இறந்தார்கள். எலும்புக்கு ரேடியத்தின் வடிவம் தெரியாது, அதன் வேதியியல் மட்டும்தான் தெரியும். பேரிக்காய் முடிவு வெளியான அதே 2013 மே மாதம்தான் ரேடியம்-223, எலும்பில் பரவிய புற்றுக்கான மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எலும்பைத் தேடிப் போகும் அதே குணம் இம்முறை அளவோடு பயன்பட்டது.

இந்தக் கருக்கள் பிறக்கிற இடம் ஒன்று நமக்குப் பக்கத்திலேயே உண்டு. குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி. 1909இல் ஷோம்பெர்க் என்கிற ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து போன தேங்காய்நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார். அந்த நாளில் தோரியம் காஸ் விளக்கின் வலைக்கு வேண்டியிருந்தது. மணல் ஏற்றுமதியானது. மோனசைட்டிலுள்ள தோரியம்-232 சிதையும் வரிசையில் ரேடியம்-228, பிறகு ரேடியம்-224, பிறகு ரேடான்-220 வந்தே தீரும். அதாவது ஜெனீவாவில் இத்தனை செலவில் ஆராய்ந்த அதே இரண்டு கருக்கள் அந்தக் கடற்கரையில் ஒவ்வொரு விநாடியும் யாரும் கேட்காமலே பிறந்து மறைகின்றன. அந்த மணலின் மேல்தான் மீனவக் கிராமங்கள் இருக்கின்றன. 2024இல் கிள்ளியூர் வட்டத்தில் புதிய மணல் அகழ்வுத் திட்டத்தை மக்கள் எதிர்த்தபோது அவர்கள் கேட்டது வடிவம் பற்றி அல்ல. யார் தோண்டுவது, எங்களைக் கேட்டீர்களா என்பதைத்தான்.

7

அப்படியானால் பேரிக்காயை எதற்குத் தேடுகிறார்கள்? பிரபஞ்சத்தில் பொருள் மிஞ்சி எதிர்ப்பொருள் காணாமல் போனது ஏன் என்பது தீராத கேள்வி. அதற்கு, காலத்தை முன்பின்னாகத் திருப்பினால் மாறிவிடுகிற ஏதோ ஒரு விசை, இதுவரை தெரிந்ததைவிட அதிகமாக இருந்தாக வேண்டும். அப்படி ஒன்று இருந்தால் அணுவுக்குள் மின்னூட்டம் மயிரிழை அளவு ஒரு பக்கம் சாயும். 1950இலேயே பர்செல்லும் ராம்சேயும் இப்படித் தேடலாம் என்றார்கள். 1957இல் சியன்-ஷியுங் வூ என்கிற சீனப் பெண் இயற்பியலாளரின் சோதனை, கண்ணாடிச் சமச்சீர் இயற்கையில் உடைவதைக் காட்டியது. அந்த ஆண்டு நோபல் பரிசு அதைக் கோட்பாடாகச் சொன்ன இரண்டு ஆண்களுக்குப் போனது. (மைட்னரை மறந்திருக்க மாட்டீர்கள்.)

1996இல் அவர்பாக், ஃபிளாம்பாம், ஸ்பெவாக் மூவரும் ஒரு கணக்கைச் சொன்னார்கள். பேரிக்காய்க் கருவில் அந்தச் சாய்வு நூறு, ஆயிரம் மடங்கு பெரிதாகித் தெரியும். பேரிக்காய் தானாக எதையும் மீறாது. வேறெங்கோ மீறல் இருந்தால் பெரிதாக்கிக் காட்டும், அவ்வளவுதான். 2015இல் ஆர்கான் ஆய்வகத்தில் ரேடியம்-225 அணுக்களை லேசரால் பிடித்து முதல் அளவீட்டை வெளியிட்டார்கள், 2016இல் அதைக் கூராக்கினார்கள். சாய்வு எதுவும் தென்படவில்லை. உருண்டைக்கு நெருக்கமான பாதரசத்தில் செய்த சோதனைகள் அதைவிடத் துல்லியமாக இருந்தன, அவற்றிலும் ஒன்றும் தென்படவில்லை.

அந்த ஆசிரியருக்குச் சொல்ல வேண்டியது இதுதான். அய்யா, பேரிக்காய் நம் பக்கமும் சாட்சி சொல்லாது, அவர்கள் பக்கமும் சொல்லாது. கோளத்தைக் காட்டி ஒழுங்கை நியாயப்படுத்தியவர்களுக்குப் பதிலாகக் கோணலைக் காட்டிக் கலகத்தை நியாயப்படுத்துவது அதே வேலைதான். எங்கெல்சின் இயற்கையின் இயக்கவியலை மேற்கோள் காட்டியே வளர்ந்த நமக்கு இந்த ஆசை எளிதில் விடாது. 1996இல் சோஷியல் டெக்ஸ்ட் இதழில் ஆலன் சோகல் வைத்த கண்ணியில் சிக்கியதும் இந்த ஆசைதான். சமத்துவத்துக்கு அணுக்கருவின் சிபாரிசு தேவையில்லை. அது மனிதர்கள் தங்களுக்குள் செய்துகொள்ள வேண்டிய ஏற்பாடு.

வரலாற்றிலிருந்து எடுத்துக்கொள்ள வேறு விஷயங்கள் உண்டு. பார்க்காத கோளத்தை எத்தனை நாள் நம்பினோம் என்பது ஒன்று. அதைக் கலைத்தது யாருடைய முழக்கமும் அல்ல, கணக்கோடு ஒத்துப்போகாத நிறமாலைக் கோடும், இருக்கக் கூடாத இடத்தில் இருந்த ஒரு மட்டமும்தான் என்பது இன்னொன்று. சந்தேகப்பட்டவர்கள் அதை உண்மை என்று சொல்ல 59 ஆண்டு காத்திருந்தார்கள். நான் மேடையில் 59 விநாடிகூடக் காத்திருக்கவில்லை.

அந்த ஆசிரியரை அதன்பிறகு நான் பார்க்கவில்லை. இந்த இதழ் அவர் கைக்குப் போய்ச்சேர்ந்தால் நல்லது.